ஐயாயிரத்துக்கு மேலே

நாகர்கோவில்
18 நவம்பர் 2024

ஜாஸ்மிக்கு,

தபாலில் கடிதம் வந்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். போனில் பேச எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் இது.

போன வாரம் எங்கள் எம்.ஏ. மொழியியல் பிள்ளைகளின் ஒலியியல் ஆய்வகத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வந்தாய். உன் பெயரைக் கொடுத்தது நான்தான். ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகு பேச ஆரம்பித்து என்னைத் தூங்கவிடாதவள், வந்தால் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடலாம் என்று நினைத்தேன். நீ வந்தாய், பிள்ளைகள் செய்திருந்த பதிவுகளை ஹெட்போனில் கேட்டாய், மதிப்பெண் போட்டாய், கருங்கல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். உனக்கு வாங்கி வைத்த சாப்பாட்டை ஆய்வக உதவியாளர் பகவதியப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இருக்கட்டும்.

இன்றுதான் மதிப்பெண்களைப் பார்த்தேன். பதிவின் தரத்துக்கு எல்லோருக்கும் பூஜ்யம். இந்தப் பாடத்தில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, வளையலைக் கழற்று, மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காதே. சுபிதா என்ற பிள்ளை திற்பரப்பிலிருந்து வருகிறாள். வீட்டில் பதிந்தால் அருவிச் சத்தம் விழும் என்று, அக்கம்பக்கத்துக்காரர்களை பஸ் ஏற்றி ஆய்வகத்துக்கே கூட்டிவந்து பேசவைத்துப் பதிந்தவள். அவளுக்கும் பூஜ்யம். இதனால் அவளுக்கு முதல் வகுப்பு போகும். அது போனால் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

என்மேல் உனக்கு ஏதோ வருத்தம் இருக்கிறது என்று தெரிகிறது. எதற்கென்றுதான் தெரியவில்லை. அதைப் பிள்ளைகளிடம் காட்டுகிறவள் இல்லை நீ. காரணத்தை எழுது.

சண்முகவடிவு


கருங்கல்
27 நவம்பர் 2024

வடிவு,

"டீச்சருக்கு பேங்க்லேருந்து இல்லாம ஒரு கடுதாசி வந்திருக்கே" என்று தபால்காரருக்கே ஆச்சரியம். கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். படித்த பிறகு அது போய்விட்டது.

பதிவுகளைப் பற்றி முதலில். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம் இருக்கிறது. ஊசி மாதிரி மெலிந்த விசில். ஆள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே இருக்கிறது, பேசி முடித்த பிறகும் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்தும் தலைவலி விடவில்லை. அதையெல்லாம் சரி என்று நீ கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாய். ஹாஸ்டலில் மாடிக் குழாய் சொட்டினால் எழுந்துபோய் மூடிவிட்டு வந்து படுப்பவள் நீ. பிள்ளைகள் முன்னால் கேட்டால் உனக்குக் குறைச்சல் என்று, அவர்கள் வெளியே போனதும் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இதென்ன சத்தம் வடிவு?" என்றேன். நீ திரும்பவில்லை. "ஏட்டி, உங்கிட்டதான்" என்றேன். நீ பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாய். அதற்குமேல் எனக்கு அங்கே சோறு இறங்குமா?

இனி என் வருத்தம். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

போன வருடம் ஸ்டெனியின் அடக்கத்தன்று வந்தாய். வீடு நிறைய ஆட்கள், ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் பாட்டு. நான் குனிந்து உன் காதோரம், "ராத்திரி இருந்துட்டுப் போவியா மக்கா?" என்று கேட்டேன். அவ்வளவு பேரில் உன்னிடம் மட்டும்தான் கேட்டேன். நீ தலையாட்டினாய். உனக்குப் பாயும் தலையணையும் எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் நீ இல்லை. பஸ் ஏறிவிட்டாய் என்றார்கள். அதன் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் "சரி, சரி, பிறகு பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய்.

புருஷன் போனவள் ஓயாமல் அழுவாள் என்று பயந்தாயோ என்னவோ. நான் அவ்வளவு அழவில்லை.

ஜாஸ்மி


நாகர்கோவில்
4 டிசம்பர் 2024

ஜாஸ்மிக்கு,

நீ அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பேன். துக்க வீட்டில் பேசியது பிறகு யாருக்கும் சரியாக நினைவிருப்பதில்லை. உனக்கும் அப்படி ஆகியிருக்கலாம்.

பதிவுகளை மறுபடி திறந்து பார்த்தேன். புது ஹெட்போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேச்சைத் தவிர எதுவும் இல்லை. காதை மட்டும் நம்பக்கூடாது என்று குரலின் படத்தையும் பார்த்தேன். அடிக்குரல் கீழே, கீச்சுக்குரல் மேலே என்று எல்லா அதிர்வையும் கறுப்பும் சாம்பலுமாகக் காட்டுகிற அந்தப் படம்தான் எனக்கு எப்போதும் சாட்சி. கீழிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. அன்று நீ போட்டிருந்த ஹெட்போன் பழுதாக இருந்திருக்கலாம்.

சுபிதாவையும் கூப்பிட்டு, பதிவில் ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்றாள். அதற்குமேல் என்ன வேண்டும்?

நீ பின்னால் நின்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியாது. நான் வேலையில் இருந்திருப்பேன். எனக்கு இப்போது எல்லாமே அலுப்பாக இருக்கிறது ஜாஸ்மி. வீட்டுக்கு வந்தால் யாரும் பேசாமல் இருப்பது ஒன்றுதான் சுகம். முன்பு மாதிரி யாரும் வாயைத் திறந்து பேசுவதும் இல்லை. வகுப்பில், பேங்கில், பஸ்ஸில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். பூதப்பாண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவிட்டு வருகிறேன்.

பொங்கல் முடிந்ததும் மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதற்குள் யோசித்து எழுது.

சண்முகவடிவு


கருங்கல்
10 டிசம்பர் 2024

வடிவு,

உன் கடிதத்தைப் படித்ததும் நல்ல கோபம் வந்தது. "உனக்கும் அப்படி ஆகியிருக்கலாம்" என்ற இடத்தில் மடக்கி வைத்துவிட்டேன். மறுநாள் திரும்ப எடுத்துப் படித்தேன். கடைசிப் பகுதியைப் படிக்கப் படிக்கக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒன்று செய். ஏதாவது ஒரு பதிவைத் திற. படத்தின் உச்சியை ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு ஏற்று. மென்பொருள் தானாக ஐயாயிரத்தில்தான் நிற்கும். உயிரொலிகளை அளக்க அதுவே போதும் என்று நாமும் அப்படியே விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான். ஆனால் நான் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடுவேன்.

மேலே ஏதாவது இருந்தால், எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் காது டாக்டரைப் பார். யாரும் வாய்க்குள் பேசவில்லை மக்கா. இங்கே கருங்கல் சந்தையில் இன்னும் அடுத்த ஊருக்குக் கேட்கும்படிதான் பேசுகிறார்கள்.

ஜாஸ்மி


நாகர்கோவில்
5 ஜனவரி 2025

ஜாஸ்மி,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. முதலில் எழுதப் பிடிக்கவில்லை. பிறகு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு உச்சியை ஏற்றிப் பார்த்தேன். எட்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. அடுத்த பதிவிலும் அதே கோடு. ஒரு பதிவுகூடத் தப்பவில்லை. கண்ணால் பார்த்த பிறகும் அது எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பகவதியப்பன் கீழேயிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "எதுக்கு மேடம் இதைப் போட்டுக்கிட்டு? பல்லு கூசுது" என்றார். எங்கிருந்து வருகிறது என்றேன். "சுவத்துக்கு அந்தப் பக்கம் புது இன்வெர்ட்டர் வெச்ச நாள்லேருந்து கத்தீட்டுதானே கெடக்கு" என்றார். ஜூன் மாதம் வைத்தது.

மறுநாள் பிள்ளைகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சுபிதா சொன்னாள்: "நீங்க வேணும்னுதான் விட்டிருக்கீங்கன்னு நெனச்சோம் மேடம். தேர்வுல அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுவீங்கன்னு சுஜித் சொன்னான்." என் கண்டிப்பின்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீ சொன்னபடி காது டாக்டரையும் பார்த்தேன். டாக்டர் ஆதிராவுக்கு என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தாள். வரைபடத்தில் என் காது இடப்பக்கம் அடிக்குரலில் நன்றாகத் தொடங்கி, வலப்பக்கம் கீச்சுக்குரலுக்குப் போகப் போகப் பள்ளத்தில் இறங்குகிறது. சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது என்றாள். உயிரொலிகள் எனக்கு வருகின்றன, மெய்களின் ஓரம் போய்விட்டது. இதை வைத்து நீ தத்துவம் எதுவும் எழுதிவிடாதே. நாலைந்து வருடமாகவே இருக்கும் என்றாள். "வீட்ல யாரும் சொல்லலையா மேடம்?" என்று கேட்டாள். வீட்டில் யாரும் இல்லை என்றேன்.

அன்று நீ குனிந்து என் காதோரம் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் உன்னிடம் "என்ன?" என்று திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. பிடிபடாததற்கெல்லாம் தலையாட்டுவது அப்போதே எனக்குப் பழக்கமாகியிருந்தது. அன்றைக்கும் ஆட்டினேன். பாயை எடுத்து வைத்தாய் என்று எழுதியிருந்தாய். உனக்கு நினைவு பிசகியிருக்கலாம் என்று நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

துறைத்தலைவர் மகேஷ்குமாரிடம் சொன்னேன். "வெளிய தெரியவேண்டாம் மேடம், மார்க்கை மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ போட்ட பூஜ்யம் சரி. ஆனால் அது பிள்ளைகளுடையது இல்லை. இன்வெர்ட்டரைப் பற்றியும் என் காதைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் மறுபடி பதியலாம், மறுதேர்வு நடத்தலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. அடுத்த வருடம் இந்தப் பாடம் என்னிடம் இருக்காது. நீயே வந்து கேட்பாயா?

வடிவு


கருங்கல்
11 ஜனவரி 2025

வடிவு,

வருகிறேன். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை வைக்கச் சொல். ஒவ்வொரு பதிவையும் முழுதாகக் கேட்பேன். இரக்கப்பட்டு மார்க் போடமாட்டேன், உன் பிள்ளைகளிடம் சொல்லி வை. இந்தத் தடவை சாப்பாடு பகவதியப்பனுக்கு இல்லை.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பெட்டியில் கிடக்கட்டும், வயதான பிறகு சண்டை போட ஏதாவது வேண்டும்.

எனக்கும் உன்னைக் குறை சொல்ல ஒரு வருடம் சுகமாகத்தான் இருந்தது. ஸ்டெனி இல்லாததைவிட நீ வராததை நினைப்பது சுலபம். அன்றைக்கு உன் முன்னால் வந்து நின்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வாயால் திரும்பக் கேட்க எனக்கு இப்போதும் வராது. அதனால் எழுதுகிறேன். ராத்திரி இருந்துட்டுப் போவியா?

ஜாஸ்மி


நாகர்கோவில்
18 ஜனவரி 2025

ஜாஸ்மி,

பொங்கல் விடுமுறையிலும் பிள்ளைகள் வந்து பதிந்து முடித்துவிட்டார்கள். பகவதியப்பன் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, யாரும் அதைத் திரும்ப ஓடவிடாதபடி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சுபிதா திற்பரப்பு ஆட்களை மறுபடி பஸ் ஏற்றிக் கூட்டிவந்தாள். அவள் காதால் கேட்டாள், நான் பத்தாயிரம் வரை கண்ணால் பார்த்தேன். "ஒண்ணும் இல்லை மேடம், சுத்தமா இருக்கு" என்றாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது எனக்குப் பிடிபட்டது. மற்றதை நீ வந்து சொல்.

அந்தப் பாடத்தை ஜூனிலிருந்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இலக்கண வரலாறு. பேசுகிறவர்கள் யாரும் உயிரோடு இல்லாத பாடம், எனக்குச் சௌகரியம்தான்.

காதுக்கு மெஷின் வாங்கியிருக்கிறேன். தட்டு விழுந்தாலும் ஆள் பேசினாலும் ஒரே தகரச் சத்தம். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. படுக்கும்போது கழற்றிவிடவேண்டும்.

வெள்ளிக்கிழமை தேர்வு முடிந்ததும் உன்னுடனேயே கருங்கல் பஸ்ஸில் வருகிறேன். மாற்றுச் சேலை எடுத்து வைத்துவிட்டேன். மீன் எனக்கு வேண்டாம், மரச்சீனிக் கிழங்கும் ஏதாவது துவையலும் போதும்.

ஒன்று மட்டும். நீ விளக்கை அணைத்த பிறகுதான் பேச ஆரம்பிப்பாய். இனி அது நடக்காது. இருட்டில் நீ என்ன சொன்னாலும் நான் தலையாட்டிவிடுவேன். விளக்கு எரியட்டும். என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பேசு.

வடிவு