லினக்ஸ் போட்ட மடிக்கணினியும் என் மகள் மீதான முறைகேட்டுப் பதிவும்

அனுப்புநர்:
கொ. தீனதயாளன்,
குத்தகை விவசாயி,
கச்சிராயபாளையம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
அரும்பு இணையவழித் தேர்வு மையம்,
விழுப்புரம்.

பொருள்: என் மகள் தீ. மணிமொழி பெயரில் உள்ள 'முறைகேடு' பதிவை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் மணிமொழி பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவள். கரியாலூரில் மலைப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரும் வேலைக்காகத் தாங்கள் நடத்திய தேர்வை வீட்டிலிருந்தே எழுதினாள். காலை பஸ்ஸில் மலையேறி மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் இந்த ஒரு வேலையைத்தான் நம்பியிருந்தாள்.

2. எங்கள் மடிக்கணினி பழையது. பழுது பார்த்த கடைக்காரர் அதில் விண்டோஸின் திருட்டு நகலை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஊருலகத்தில் நடப்பதுதான், விடம்மா என்றேன். அவள் கேட்கவில்லை. பாடம் சொல்லப் போகிறவள் திருட்டுச் சரக்கை வைத்திருக்கலாமா என்று, யாரும் சட்டப்படியே இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தைத் தானே இறக்கி ஏற்றினாள். படுத்துக் கிடந்த பெட்டி எழுந்து ஓடியது. திரையெல்லாம் தமிழ். எனக்கே பெருமையாக இருந்தது ஐயா.

3. தேர்வு தொடங்கும்போது தங்கள் மென்பொருள் தடுக்கவில்லை. பாதியில், 'அங்கீகாரமற்ற இயங்குதளம்' என்று காட்டி மூடிக்கொண்டது. மறுநாள் குறுஞ்செய்தி வந்தது: முறைகேடு, மூன்றாண்டுத் தடை. லினக்ஸ் கூடாது என்று தங்கள் அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை.

4. மேல்முறையீடு செய்தோம். தானியங்கி முடிவு மறுபரிசீலனைக்கு உரியதல்ல என்று பதில் வந்தது. நேரில் வந்தேன். "சாரு யாரையும் பாக்க மாட்டாருங்க, மெயிலு போட்டுட்டுப் போய்க்கினே இருங்க" என்றார் வாயிற்காவலர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

5. "தீனதயாளன் பொண்ணு பிட்டு அடிச்சி மாட்டிக்கிச்சாமே" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். "நான் இன்னாப்பா திருடினேன்?" என்று மணிமொழி ஒரே ஒரு முறை கேட்டாள். இப்போது கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

6. சென்ற வாரம் அவளே மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோய், பழையபடி திருட்டு நகலையே ஏற்றி வாங்கி வந்துவிட்டாள். தங்கள் தளத்தில் புதிதாக வைத்திருக்கும் கணினிச் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 'தேர்வுக்குத் தகுதியானது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, அதைக் கேட்கவில்லை. தடையும் இருந்தால் இருக்கட்டும். 'முறைகேடு' என்ற அந்தச் சொல்லை மட்டும் அவள் பெயருக்கு எதிரிலிருந்து எடுத்துவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதையும் யாரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அப்பன் கேட்காமலே விட்டுவிட்டான் என்று என் மகள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகவே எழுதுகிறேன்.

இடம்: கச்சிராயபாளையம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
மணிமொழியின் தகப்பன்,
(ஒப்பம்) கொ. தீனதயாளன்