இழுப்பு, தட்டு, இழுப்பு

அடியே,

இன்று உன் பழம்பொருள் கடைக்குப் போயிருந்தேன். கொச்சி ஜூ டவுன் முனை திரும்பியதுமே பித்தளை துலக்கும் நெடி. அதோடு பக்கத்துக் குடோனிலிருந்து சுக்கு வாசனை. இந்த இரண்டும் கலந்து வந்தால் எனக்கு நீதான், வேறு யாருமில்லை. உன் அண்ணன், நம் இக்கா, என்னைக் கண்டதும், நல்ல நேரத்துக்கு வந்தாய், ஒரு சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று கடைச் சாவியைக் கையில் கொடுத்து இறங்கிப் போய்விட்டார். உன் முக்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் குட்டைக் கால் இன்னும் ஆடுகிறது. நீ போன பிறகு நான் அதில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வரைபடமும் அப்படியே இருக்கிறது. உன் கடை நடுவில். அதைச் சுற்றி நீ பென்சிலால் போட்ட வட்டம், வட்டத்திலிருந்து நாலாபக்கமும் கோடுகள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இது என்ன பழங்கால வரைபடம், விலை என்ன என்று கேட்டதற்கு, விற்பனைக்கில்லை, இது விமானப் பள்ளிக்கூடம் என்று முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னாயே.

ரேடியோ வழிகாட்டல் பரீட்சைத் தாளில் தோற்றுவிட்டு நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த மழைக்காலம் அது. மறுபடியும் தோற்றால் விமானப் பயிற்சி போதும், ஏலக்காய்க் கடைக்கு வந்து உட்கார் என்று அப்பா சொல்லியிருந்தார். கோபப்பட்டுச் சொல்லவில்லை, அதனாலேயே பயமாக இருந்தது. நீ என் அழுகையை எல்லாம் கேட்டு முடித்து, உனக்கும் புரிகிற மாதிரி பாடத்தைச் சொல்லச் சொன்னாய்.

சொன்னேன். தரையில் ஒரு ரேடியோ நிலையம். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லாத் திசையிலும் கோடுகள். வடக்கே போவது பூஜ்யம், கிழக்கே தொண்ணூறு, தெற்கே நூற்றெண்பது, மேற்கே இருநூற்றெழுபது. அந்தக் கோட்டுக்கு ரேடியல் என்று பெயர். விமானம் எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது என்பதைக் கருவியின் முள் காட்டும். அவ்வளவுதான்.

"இதுலயா டீ தோத்தே?" என்று கேட்டாய். கொஞ்சம்கூட ஈவிரக்கம் இல்லாமல்.

மறுநாளே நீ நிலையமானாய், நான் விமானமானேன். நான் குடையோடு தெருத்தெருவாக நடப்பேன். நின்ற இடத்திலிருந்து போன் செய்வேன். நீ எடுத்ததும் பேசமாட்டாய். சாவியால் கண்ணாடிமேல் ஓர் இழுப்பு, ஒரு தட்டு, மறுபடி ஓர் இழுப்பு. நிலையத்தின் பெயரைக் காதால் கேட்டு உறுதிசெய்யாமல் முள்ளை நம்பக்கூடாது என்று நான்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். நிஜ நிலையங்கள் தங்கள் பெயரை மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றெழுத்துப் பெயர் நீளம், கொச்சிக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்தான 'கே' மட்டும் போதும் என்று நீ முடிவு செய்தாய். மோர்ஸில் அது நீள ஒலி, குறு ஒலி, நீள ஒலி.

பெயர் கேட்டதும் நான் என் ரேடியலைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தப்பாகச் சொன்னேன். போர்ட் கொச்சிப் பக்கம் முகத்தை வைத்து நின்றால் வாயில் வடமேற்குதான் வரும், நான் நின்றது என்னவோ கடைக்குத் தெற்கே, இடக்கொச்சி போகிற சாலையில். பரீட்சையிலும் இதே குளறுபடிதான். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் முள்ளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும், மண்டையில்தான் ஏறவில்லை.

"நீ எங்கிட்டு பார்த்து நிக்கிறேன்னு ஆரு கேட்டா? என்கிட்ட இருந்து எங்க இருக்கே, அதைச் சொல்லு." எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

ஒருநாள் உனக்குச் சந்தேகம் வந்தது. நிலையம் பெயரைச் சொல்கிறதே, அது விமானத்துக்குக் கேட்டதா என்று நிலையத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். வானத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூட அதற்குத் தெரியாது, அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உன் முகம் வாடிவிட்டது. "பாவம் டீ அது" என்றாய்.

பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு உனக்கு. வீடு, கடை, மறுபடி வீடு. படகுத்துறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நீ தனியாகப் படகேறியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் சாவியை என்னிடம் எறிந்துவிட்டு, இன்று நீ நிலையம், நான் பறக்கப்போகிறேன் என்று இறங்கிப் போய்விட்டாய். போன் வந்தது. சாவியால் கீறினேன், தட்டினேன், கீறினேன். கேட்டது, படகுத்துறையில் நிற்கிறேன் என்றாய். அடுத்த முறை எறணாகுளம் படகிலிருந்து. இறங்கு, உன் உம்மா என்னைக் கொன்றுவிடுவார் என்று கத்தினேன்.

"நிலையம் இப்படியெல்லாம் பேசாது" என்றாய், மூச்சு வாங்க, அவ்வளவு சந்தோஷமாக. கூடவே, "படகு திரும்புது. இப்ப நான் ஜூ டவுனைப் பார்த்து நிக்கிறேன். அப்ப என் ரேடியல் மாறிப்போச்சு, இல்லே?"

என் விரல் வரைபடத்தில் வடகிழக்குக் கோட்டின் மேல் இருந்தது. நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த விரலை நகர்த்த வேண்டியதில்லை. "நீ எங்கிட்டு பார்த்து நிக்கிறேன்னு ஆரு கேட்டா?" என்றேன், என்னை அறியாமலே. அந்தப் பக்கம் நீ சிரித்த சிரிப்பில் படகின் இஞ்சின் சத்தமே கேட்கவில்லை. "மதி டீ, போதும். நீ பாஸ்" என்றாய்.

திரும்பி வந்த படகில் வந்து இறங்கினாய். உம்மா நம் இருவரையும் வைத்து வாங்கிவிட்டார். உன் முகத்தில் மட்டும் அந்த வெளிச்சம் இரவுவரை குறையவில்லை என்று இக்கா பிறகு சொன்னார். பரீட்சையில் நான் தேறிய முடிவு வந்த அன்று ஜூ டவுன் முழுக்கச் சொன்னவள் நீ.

ஆபரேஷனுக்குப் போகும்முன் எனக்குப் போன் செய்தாய். அன்றும் முதலில் ஏதோ கம்பியில் கீறித் தட்டினாய், ஆஸ்பத்திரிக் கட்டிலாக இருக்கும். அதுதான் கடைசி. நான் பயிற்சிப் பள்ளியிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. உன் முகத்தைப் பார்க்காமல் போனது இன்னும் வலிக்கிறது, அதற்கு ஆறுதல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நான் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பக்கத்து இருக்கையில் பயிலுகிற பிள்ளை மூக்குத் திசையையே ரேடியல் என்று உளறினால், என் வாயிலிருந்து வருவது உன் குரல்தான், அந்த 'ஆரு கேட்டா' உட்பட. இந்த மேடம் என்ன தமிழ் பேசுகிறார் என்று அவர்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். நிலையத்தின் பெயர் ஹெட்போனில் கேட்கும்வரை நான் எவரையும் முள்ளைப் பார்க்க விடுவதில்லை.

இக்கா எனக்கும் ஒரு சாயா வாங்கிக்கொண்டு வந்து படியிலேயே நின்றுவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, நான் சாவியால் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருக்கிறேன். இழுப்பு, தட்டு, இழுப்பு.

"அவ செய்யிற மாதிரியே இருக்கு. ஆருக்குச் சொல்றே?" என்று கேட்டார்.

"தெரியாது இக்கா. நிலையத்துக்கு அது தெரியாது."

சாயாவை வரைபடத்தின் மேல் படாமல் ஓரமாக வைத்தார்.

"அப்ப நிறுத்தாதே" என்றார்.