பூசணிக்கு முதல் வெட்டு

வெள்ளிக்கிழமை, துபாய் சத்வா

விருந்தாளிகள் போயாச்சு. அத்தையும் தூங்கியாச்சு. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பக்கத்து ஃபிளாட் அர்மீனியக்காரி அனுஷ் சொல்லிக்கொடுத்த பண்டிகைச் சமையல் இது. முழு மஞ்சள் பூசணியின் தலையைச் சீவி, விதையை வழித்து, சோறு, பாதாம், திராட்சை, தேன், வெண்ணெய் அடைத்து ஓவனில் வைத்துவிட்டால் போதும்.

கத்தியை எடுத்ததுமே அத்தை தடுத்தார். "முழுப் பூசணியைப் பொம்பளை வெட்டக்கூடாதும்மா, குடும்பத்துக்கு ஆகாது. என் பையன் வரட்டும்."

இவர் டூட்டி முடிந்து வருவதே விருந்தாளிகளோடுதான். எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. பாத்திரம் கழுவப் போனேன்.

அத்தை கத்தியை எடுத்து முதல் வெட்டைத் தானே போட்டார். "எது வந்தாலும் என்னோட போகட்டும். மிச்சத்தை நீ வெட்டு."

ஓவனில் வைத்த பிறகு அடுப்படியில் வேலையே இல்லை. நிதானமாகக் குளித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், விருந்தன்று எல்லாரோடும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது இன்றைக்குத்தான்.

"பூசணியை யாரு வெட்டினா?" என்று இவர் கேட்டார்.

அத்தை நிமிரவே இல்லை. என் தட்டில் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டே சொன்னார்: "பேசாம சாப்பிடுடா."