ஏலத்தில் போன குக்கர்

பாளையங்கோட்டை,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் டார்லின் எழுதுவது. நானும் அம்மாவும் அத்தையும் ஆண்டவர் புண்ணியத்தில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறோம். தோகாவில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா? உங்கள் அறையில் இருக்கும் அலி அஸ்கர் மாமா விடுப்பு முடிந்து நாளை கிளம்புகிறார். உடன்குடிக் கருப்பட்டியோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம். இதை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் நான்தான் முதல். வேதியியல் சுமார். பின்வாசல் குழாய் மறுபடி ஒழுகுகிறது. முன்பெல்லாம் அம்மாவே வாஷர் மாற்றிவிடுவார்கள். இப்போது அடியில் வாளியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். எஞ்சினியரிங் கல்லூரியை மூடியபின் அம்மா இந்தக் கலைக் கல்லூரிக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ‘மெக்கானிக்கல் படிச்சவ, பி.ஏ. பிள்ளைகளுக்குப் பேனா ஸ்பிரிங்கக் காட்டிக்கிட்டுத் திரியுதா’ என்று நீங்கள் அத்தையிடம் சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. ஆனால் அன்றாடச் சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அம்மா சொல்லிக்கொடுக்கும் அந்த வகுப்பை நீங்கள் பார்த்ததில்லை. நான் சனிக்கிழமைகளில் கூடப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அம்மா, குக்கருக்கு விசில் எதற்கு என்று கேட்டார்கள். ராதாபுரத்திலிருந்து வந்து வரலாறு படிக்கும் சந்தனமாரி அக்கா எழுந்து, ‘எண்ணுறதுக்குத்தான் மேடம். பருப்புக்கு மூணு, கறிக்கு ஆறு’ என்றார். வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. அம்மா சிரிக்கவில்லை. லேத்துப் பட்டறையில் நெடுக்காக அறுத்து வாங்கியிருந்த பழைய குக்கரை மேசைமேல் வைத்தார்கள். ஆவி எங்கே தேங்குகிறது, மேலே இருக்கும் குண்டின் கனம் அதை எப்படி அடக்குகிறது, அடங்கிய ஆவியால் தண்ணீர் எப்படி இன்னும் சூடாகிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் வன்னியராஜ் அண்ணன், ‘அப்போ சத்தம் சும்மா உபரிதானா மேடம்’ என்று கேட்டபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பழைய கல்லூரி மூடியபின் அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் குக்கர், ஒரு பக்கம் திறந்த பூட்டு, சைக்கிள் ஃப்ரீவீல், பிரித்த மிக்ஸி மோட்டார் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் இருந்தன. இந்த முறை ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கைப் பொருள் சேர்க்கக் கோயிலிலிருந்து ஆள் வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. அத்தை ஒரு தேங்காய்க் குலையோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்தது. பூசணிக்காயும் சேவலும் போனபின் ஏலம் போடும் எஸ்றா அண்ணாச்சி அம்மாவின் குக்கரைத் தூக்கிப் பிடித்தார். கூட்டம் ஒரு நிமிடம் என்னவென்று பார்த்தது. ‘பாதிக் குக்கருக்குப் பாதி விலை சொல்லும் வே’ என்று யாரோ சொல்ல, ‘விரதக்காரன் எடுத்துக்கிடட்டும், அரை வயித்துக்குப் பொங்கலாம்’ என்றார் இன்னொருவர். ஆயர்கூடச் சிரித்தார். கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் சபையில் இல்லை, ஆனால் யாரும் ஏலத்தில் எடுக்கலாமே. நான் அம்மாவின் கையை இடித்தேன். அம்மா குனிந்தபடி, ‘பைய இரு’ என்றார்கள். ஏரலில் இருந்து வந்திருந்த பழைய இரும்புக்காரர் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார்.

வரும் வழியில் ஏன் ஏலம் கேட்கவில்லை என்றேன். ‘எல்லாரும் சிரிச்ச பொறவு அது என்னோடதுன்னு எப்படிட்டி கையத் தூக்குவேன்’ என்றார்கள். வீட்டில் அத்தை தானாகவே, ‘ஒங்கப்பாதான் சொன்னான், படிக்கட்டுக்குக் கீழ கெடக்க பழைய சாமான ஒழிச்சிருன்னு. பழைய இரும்புன்னு ஆக்கருக்குப் போடுததுக்குப் பதிலா ஆண்டவருக்குப் போகட்டும்னு குடுத்தேன்’ என்றார்கள். அத்தைமேல் கோபமில்லை அப்பா. அவர்கள் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்கள்.

போன சனிக்கிழமை அம்மா வெறுங்கையோடு வகுப்புக்குப் போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இனிமேல் நோட்ஸ் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். யாரும் பேனாவைத் திறக்கவில்லை. பிறகு சந்தனமாரி அக்கா தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்து, ‘இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க மேடம், நோட்ஸ் நாங்க பொறவு எழுதிக்கிடுதோம்’ என்றார். முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அம்மா கிளிப்பைக் கையில் எடுத்து இரண்டு முறை திறந்து மூடினார்கள். அப்புறம் எழுந்திருக்காமலே, ‘பிடியோட நுனியில அமுக்கிப் பாரு. பொறவு ஸ்பிரிங் பக்கத்துல அமுக்கு. எங்க லேசா இருக்கு?’ என்று கேட்டார்கள். கிளிப் பெஞ்ச் பெஞ்சாகப் போனது. ஏன் நுனியில் லேசாக இருக்கிறது என்று சண்டையே வந்தது. அம்மா அதில் கலந்துகொள்ளவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

அடுத்த பருவத்துக்கும் அம்மா இந்த வகுப்பை எடுப்பார்களா என்று துறைத்தலைவர் புதன்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். அம்மா இல்லையென்றால் அந்தப் பாடத்தையே நிறுத்திவிடுவார்களாம். நான் கேட்டதற்கு அம்மா, ‘அப்பா என்ன சொல்லுதாவளோ அப்படிச் செய்வோம். எனக்கும் அலுத்துப்போச்சு’ என்றார்கள். நீங்கள் விடச் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அம்மாவே, விட்டுவிடட்டுமா என்று கேட்கலாம். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள் அப்பா. அந்தக் கிளிப்பில் ஏன் நுனியில் லேசாக இருக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்கள். அம்மா பதில் சொல்ல நேரமாகும். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

கடலுக்கு அந்தப்பக்கம் உங்களைக் காக்கிறவர் எங்களையும் காப்பாராக.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
டார்லின்