காலண்டரில் என் ஓரகத்தி

மார்கழி, வெள்ளிக்கிழமை

போன மாதம் இறந்த என் ஓரகத்தி, என் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி ராஜம்மாள் படத்தைப் போட்டு என் மகன் காலண்டர் அடித்து வந்தான். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டிலும் மாட்டினான். அவள் படுத்த படுக்கையான புருஷனைப் பார்த்துக்கொண்டாள், பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டாள். உண்மைதான். அதற்காக என் வீட்டுச் சுவரிலா?

“ஏலே, நான் போனா எனக்கும் அடிப்பியா?” என்றேன்.

“நீ மொதல்ல அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போடும்மா, பெறகு பாப்போம்.” மருமகளும் சேர்ந்து சிரித்தாள்.

நானும் பட்டாசு வேலைக்குப் போனவள்தான். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தால் கைப்பிள்ளையான இவன் ராஜம்மாள் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான். நான் தூக்கினால் அழுவான். இன்றைக்கு ஆணி அடிக்கும்போது அவன் கண் கலங்கியது. அருகில்தான் நின்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.