தென்மேற்கு அறையின் உத்திரம்

கிள்ளான்,
9 ஜூன் 1937, புதன்கிழமை.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "ஐயா, சாக்கு தைக்கிற கோணி ஊசி இருக்குங்களா? அரிசி மூட்டை பிரிஞ்சிருச்சி" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது அது என் சட்டைப் பையில் இருந்தது. உன் ஊசிதான். ஐந்தரை அங்குல நீளம், நுனியில் சிறு வளைவு, காதில் நீ கட்டிய சிவப்பு நூல். நான் அறிந்து சொன்ன பொய்கள் மிகச் சில. அவற்றுள் இத்தனை அற்பமானது வேறில்லை. ஆனாலும் ஊசியைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் அதை நான் கீழே வைக்கவில்லை. அன்று நடந்ததைச் சொல்வதற்கு உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை. அதனால், நீ இல்லை என்று நன்கு தெரிந்தும், உனக்கே எழுதுகிறேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். என்றாலும் முதலிலிருந்து முறையாகச் சொன்னால்தான் எனக்குச் சரிப்படும். கோலாலம்பூர் ரயில்வேயில் வரைபடம் எழுதும் என் உத்தியோகம் 1928 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிய இருந்தது. அன்றே பிரிக்பீல்ட்ஸில் பத்தொன்பது ஆண்டுகள் நாம் குடியிருந்த அரசாங்க வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்பது உன் ஆசை. புதிதாகக் கட்ட வசதியில்லை, பழைய வீடுதான். ஓராண்டு முன்னதாகவே தேடத் தொடங்கினோம். அப்போது பெருவெள்ளம் வந்து வடிந்து இரண்டொரு மாதங்களே ஆகியிருந்தன. விற்பனைக்கு வந்த வீடுகளெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு பூசி நின்றன. பூச்சைப் பார்த்து வீடு வாங்குகிறவன் நானல்ல. செந்தூல் ரயில்வே பட்டறையின் தச்சு மேஸ்திரியை ஞாயிறுதோறும் அழைத்துக்கொண்டு, ரசமட்டம், தூக்குக்குண்டு, மரத்தைத் தட்டிப் பார்க்கும் கொட்டாப்புளி சகிதம் ஒவ்வொரு வீட்டையும் அடி முதல் கூரை வரை ஆராய்ந்து, திசைவாரியாக அறைகளைப் பிரித்து, தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மரத்தின் நிலையையும் குறித்தேன்.

முதல் வீட்டிலேயே மேஸ்திரி, அலுவலகக்காரர்களை அழைக்கும் வழக்கப்படி, "கிராணி ஐயா, உத்திரத்தை வெறுமனே தட்டினா போதாது. மெல்லிசா எதையாவது குத்திப் பார்க்கணும்" என்றார். நீ கைப்பையிலிருந்து இந்த ஊசியை எடுத்து நீட்டினாய். அது ஏன் அங்கே இருந்தது என்று நான் கேட்டதற்கு, "உங்களோட வெளிய வர்றவ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் வரணும்" என்றாய். பிறகு, கதவு நிலையின் கோணத்தை நான் மூன்றாம் முறையாக அளந்துகொண்டிருந்தபோது, "மேஸ்திரி, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இவரு இப்படித்தான். தட்டிப் பார்க்காத குறை" என்றாய். மேஸ்திரி சிரித்த சிரிப்பில் கொட்டாப்புளி கைநழுவிப் படியில் உருண்டது. எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காவது வீட்டை நாம் பார்த்தது 1927 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணிக்கு. பிரிக்பீல்ட்ஸில், நம் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளி. செங்கல் கால்களின்மேல் நின்ற பலகை வீடு, ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு கொய்யா மரம். மேஸ்திரி கதவுக்குப் பின்னால் சுண்ணாம்பைச் சுரண்டி வெள்ளக்கோட்டைக் கண்டுபிடித்தார். முழங்கால் உயரம். ஆனால் தூக்குக்குண்டு சுவரோரம் நூல் பிசகாமல் நின்றது. "தண்ணி வந்திருக்கு, போயிருக்கு. வீடு அசையலைங்க. அத்தனையும் செங்கால் மரம், இரும்பு மாதிரி" என்றார். நான் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். நீயோ அடுக்களையை விட்டு நகரவில்லை. "இந்தச் சன்னலுக்குக் கீழ அம்மியைப் போட்டுக்கலாம்ங்க. அரைச்சிக்கிட்டே கொய்யா மரத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றாய். நீ ஒரு வீட்டைப் பற்றி அப்படிப் பேசியது அன்று ஒருநாள்தான்.

மிச்சமிருந்தது தென்மேற்கு அறை மட்டும். அதன் கதவு சாத்தியிருந்தது. விற்கிறவர் கைகளைப் பிசைந்தார். "என் வீட்டுக்காரி பிள்ளை பெத்துப் பதினோரு நாள்தாங்க ஆகுது. ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது. அதுவும் இதே மரம்தான் லா, இதுல என்ன பார்க்கப் போறீங்க?"

அறிக்கையில் ஓர் அறை வெறுமையாக இருக்க முடியாது என்றேன். முப்பது நாள் கழிந்து வரலாம் என்றார் மேஸ்திரி. புதன்கிழமை வேறொருவர் பார்க்க வருகிறார் என்றார் விற்கிறவர். அப்போது நீ, "ஆம்பளைங்கதானே போகக்கூடாது? நான் போறேன்" என்று ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். சுவரோரம் இரண்டு முனை, நடுவில் ஓரிடம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். "தெரியும்ங்க. மூணு வீடு பார்த்துட்டுத்தானே வரேன்." ஆனால் நிலைப்படியில் தயங்கினாய். நமக்குப் பிள்ளையில்லை, பிள்ளை பெற்றவள் அறைக்குள் உன்னை விடுவார்களோ என்ற தயக்கம் அது என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "வாங்கக்கா."

மூன்று நிமிட வேலை. நீ வெளியே வர இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் குழந்தை அழுதது, அடங்கியது. நீ வந்தபோது உன் கண்கள் சிவந்திருந்தன. சாம்பிராணிப் புகை என்றாய்.

"என்ன?" என்றேன்.

"போயிருச்சுங்க. ஊசி காது வரைக்கும் இறங்குது."

"எந்த முனை?"

"ரெண்டும். நடுவுல பரவாயில்ல."

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார். "கிராணி ஐயா, ஒரே வீடு, ஒரே மரம். மத்த இடத்துல பொடி கூட உதிரலையே. அங்க மட்டும் கரையான் எப்படி ஏறும்?"

"என் மனைவி கண்ணால் பார்த்துவிட்டு வருகிறாள். நீர் பார்த்தீரா?" என்றேன். மேஸ்திரி உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். அவர் கொட்டாப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு, "அம்மா சொன்னா சரிதாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு எந்த வீட்டுக்கும் வரவில்லை. நான் அவமதித்துவிட்டதாக எண்ணியிருந்தேன்.

அறிக்கையில் எழுதினேன்: தென்மேற்கு அறை, உத்திரம், இரு முனையும் செல்லரித்தது. பார்த்தவர் கையொப்பமிட வேண்டும் என்று தாளை உன்னிடம் நீட்டினேன். நீ ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி உன் பெயரை எழுதினாய். திரும்பி நடக்கும்போது, வேறு வீடு கிடைக்கும், வருந்தாதே என்றேன். "கிடைக்கும்ங்க. நமக்குக் கிடைக்கும்" என்றாய். எந்தச் சொல்லை நீ அழுத்திச் சொன்னாய் என்பதைக் கவனிக்க எனக்குப் பத்து ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

கிடைக்கவில்லை. பிறகு பார்த்த வீடுகள் ஒவ்வொன்றிலும் மெய்யான குறையை நானே கண்டுபிடித்தேன். குறித்த நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிள்ளானில் இந்த மாடிக்கு வாடகைக்கு வந்தோம். வாடகை வீட்டை யாரும் ஆய்வு செய்வதில்லை, நானும் செய்யவில்லை. 1934 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, உனக்குக் காய்ச்சல் கண்ட எட்டாம் நாள். பகலெல்லாம் மழை. ஓடு ஒழுகி, உன் கட்டிலை மூன்று முறை நகர்த்தினேன். நான்காம் முறை நகர்த்த அறையில் இடமில்லை. குடையை விரித்து உன் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலை நான்கு ஐந்துக்குப் பிறகு அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று.

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு தரகர் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். "வீட்டுக்கார அம்மா வேற யார்கிட்டயும் கேக்கறதுக்கு முன்ன உங்க வீட்டுலதான் கேக்கணும்னு ஒரே பிடிவாதங்க" என்றார். எந்தச் சந்து என்று அவர் சொன்னதுமே தெரிந்துவிட்டது. வாங்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனாலும் பழைய அறிக்கையையும் உன் ஊசியையும் எடுத்துக்கொண்டு 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறினேன்.

அந்தப் பெண்ணின் முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அக்கா வரலீங்களா?" என்றாள். தேதியையும் நேரத்தையும் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், தென்மேற்கு அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

முக்காலியில் ஏறினேன். இடது முனை, வலது முனை, நடு. ஊசி ஒரு மயிரிழை கூட இறங்கவில்லை. பலம் கொடுத்து அழுத்தியதில் என் கட்டைவிரலில்தான் பள்ளம் விழுந்தது. உத்திரத்தை மாற்றியிருப்பார்கள் என்று எண்ணினேன். பலகையோடு சேர்த்து அடித்த ஆணிகளைப் பார்த்தேன். துரு வடிந்த கறை மரத்திலும் பலகையிலும் ஒரே கோடாக ஓடியது. பல ஆண்டுப் புகைக்கரி இரண்டின்மேலும் ஒன்றுபோலப் படிந்திருந்தது. அதே மரம்தான். கரையான் தின்ற மரம் மறுபடி வளர்வதில்லை.

கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லீங்களா?"

பிறகு சொன்னாள். "அன்னிக்கு அக்கா இதே மாதிரி ஏறி மூணு இடத்துலயும் குத்திப் பார்த்தாங்க. இறங்கி வந்து பிள்ளையை வாங்கி மடியில வச்சிக்கிட்டாங்க. கால் விரலெல்லாம் எண்ணிட்டு, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு சிரிச்சாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. இது எங்கம்மா நகையை வித்து வாங்கின வீடுங்க. அவரு லோரியில பங்கு போடணும்னு விக்கிறாரு, என்னை ஒரு வார்த்தை கேக்கலன்னு சொல்லிட்டேன். எழுந்திரிக்கும்போது, 'மரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரர்கிட்ட மரத்தைப் பத்தித்தான் சொல்ல முடியும்'னாங்க."

செல்லரித்த வீடு என்ற பேச்சு பரவிப் பிறகு யாரும் வாங்க வரவில்லையாம். கணவரும் லோரியை மறந்துவிட்டாராம். இப்போது இருவருமாகக் கலந்து பேசி, தெலுக் பங்லிமா காராங் பக்கம் தென்னை நிலம் வாங்கிப் போகிறார்கள். "இந்தத் தடவை நானாத்தான் விக்கிறேன். அக்காவுக்குன்னு வச்சிருந்தேன், ஐயா" என்றாள். அடுக்களைச் சன்னலுக்குக் கீழ் இடம் வெறுமையாகத்தான் இருந்தது. கொய்யா மரமும் இருந்தது. கூரையையும் பார்த்தேன். பார்க்காமல் வந்திருக்கலாம். ஒரு சொட்டு ஒழுகிய தடம்கூட இல்லை.

1927 மார்ச் 13-க்கும் 1934 ஆகஸ்ட் 9-க்கும் இடையே ஏழு ஆண்டுகள், நான்கு மாதங்கள், இருபத்தேழு நாட்கள். மொத்தம் 2706 நாட்கள். அவற்றுள் ஒருநாள்கூட நீ சொல்லவில்லையே என்று முதலில் உன்மேல்தான் வருத்தப்பட்டேன். பிறகு, அன்றே அந்த நிலைப்படியில் நின்று நீ சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அது கணவன் மனைவி விவகாரம், உத்திரம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பேன். ஐயமே இல்லை. வீடு வாங்கப்பட்டிருக்கும். நீ சன்னலோரம் அரைத்துக்கொண்டிருந்திருப்பாய், மனம் பொறுக்காமல். கட்டிலை நகர்த்தும் அவசியமும் நேர்ந்திருக்காது. இவற்றில் எதை எதனோடு வைத்து எடை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தரகர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். வேண்டாம் என்று ஞாயிறன்றே சொல்லிவிட்டேன், அவர்தான் விடவில்லை. "மரத்துல ஏதும் பழுதுங்களா?" இல்லை. "சுவர்?" இல்லை. "பிறகு என்னதாங்க குறை, சொல்லுங்களேன்." என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் நான் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு. தவறான குறிப்பைச் சிவப்பு மையால், அதன்கீழுள்ள கையொப்பத்தோடு சேர்த்து அடித்து, பக்கத்தில் தேதியிட வேண்டும். இன்று மைப்புட்டியைத் திறந்தேன். மூன்று முறை பேனாவைத் தோய்த்தேன். மூன்று முறையும் நுனியிலேயே காய்ந்தது. உன் கையால் எழுதிய உன் பெயர் என்னிடம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. வரியை அப்படியே விட்டுவிட்டேன். தாளை மடித்து ஊசியோடு சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.