உன் அப்பாவிடம் கேள்வி கேட்கிற பெண்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீயும் நலமாயிருக்க வேண்டும் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை.

உன்னைப் போலவே ஒருத்தி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுக்குப் போன் செய்கிறாளே, பட்டாளத்தில் தலையில் அடிபட்டவர்கள் வயதான பிறகு எப்படியிருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவள், அவள் கூப்பிடும் நாளில் இவர் முகச்சவரம் செய்து இஸ்திரி போட்ட சட்டையோடு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். போனில் சட்டை தெரியுமா என்று கேட்டால், உனக்கெதுக்குடி அதெல்லாம் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்து அறையில் நின்று கேட்டேன். மிக்சி ஓடினா குண்டு வெடிச்ச அன்னிக்கு மாதிரியே தலைக்குள்ள இரையுதும்மா, அதான் தெருவுக்குப் போயிடுவேன் என்கிறார் அவளிடம். இருபத்திரண்டு வருஷமாக, மிக்சியைப் போட்டதும் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்றல்லவா நான் திட்டிக்கொண்டிருந்தேன்! எனக்குச் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்திக்குச் சொல்கிறார். நீயும் அங்கே யார் யாருடைய அப்பாவிடமோ இதைத்தானே கேட்கிறாய், உன் அப்பாவிடம் ஒருநாள் கேட்டதுண்டா?

அப்புறம் வீட்டம்மாவிடமும் சில கேள்வி என்று போன் என் கைக்கு வந்தது. இந்த ஆறு மாசத்துல சார் எங்கயாவது விழுந்தாராம்மா என்றாள். இல்லை என்றேன். போன மாதம் குளியலறை வாசலில் விழுந்து, குண்டு வெடித்த அன்று அடிபட்ட அதே பக்கம் தலையை இடித்துக்கொண்டார். அதிலிருந்து சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டுகிறார். விழுந்ததே அவருக்கு நினைவில்லை, பார்த்தவள் நான் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாதது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவளுடைய கேள்விகளை நானே அவரிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டாவது கேள்வியிலேயே, விடு, அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும், நீ சாப்பிடாம உட்கார்ந்துடுவ என்று எழுந்து போய்விட்டார். அதைக் கேட்டும் பொறாமை முழுதாகப் போகவில்லை. ஆனாலும் டாக்டரிடம் இன்று மாலைக்கே நேரம் வாங்கிவிட்டேன். நாளைக் காலை அவளைக் கூப்பிட்டு, விழுந்தார், இந்தத் தேதி, இந்தப் பக்கம், மறைத்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன்.

நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நீ, அந்தப் படிப்பு உன்னை நன்றாக வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, நீ கூப்பிடுகிற வீடுகளில் மனைவி போனை எடுத்தால் உடனே சார்கிட்ட குடுங்க என்று சொல்லிவிடாதே. நீங்க எப்படி இருக்கீங்கம்மா என்று முதலில் அவளைக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா